வண்டியே வீடானோரும் பேரங்காடியும்

வீடு நிலைத்து நிற்பது. வண்டி ஓடித் திரிவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, வண்டியையே வீடாகக் கொண்டு ஊரூராகச் சென்றவர் பண்டும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் சென்று சேரும் இடங்களுள் தலையாயது அங்காடி. ஓர் அங்காடியின் பெருமையை அறிய விரும்புவோர், அதன் மாடங்களையும் விளக்குகளையும் மட்டும் எண்ணுதல் போதாது. நெடுவழி நடந்து வந்த வண்டியையும் வண்டிக்காரனையும் அது எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பண்டைத் தமிழகத்தில் உமணர் என்னும் உப்பு வாணிகர் வாழ்ந்தனர். கடற்கரை உப்பளங்களில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் விலைகூறி விற்பது அவர்தம் தொழில். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டியை நம் கண்முன் நிறுத்துகின்றது. கோழி அடையும் கூடு, தொங்கவிடப்பட்ட சிறிய உரல், கயிற்றால் பிணித்த காடிக் கலம் ஆகிய யாவும் அவ்வண்டியிலேயே உண்டு. குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுவாள்; ஆடவர் உடன் நடந்து செல்வர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் என் செய்வது என எண்ணி, மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் அடியிற் கட்டிச் செல்வர். இதனைப் புறநானூறு ‘சேம அச்சு’ எனக் குறிக்கும். இக்காலத்து லாரியில் ‘ஸ்டெப்னி’ என்னும் பெயரால் ஏற்றிச் செல்லப்படும் மாற்றுச் சக்கரம் அந்த முன்னறிவின் வழிவந்ததே எனலாம்.

அக்காலத்து அங்காடி எத்தகையது? பூம்புகாரில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி இருந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். அது மரங்கள் செறிந்த சோலையினிடத்தே அமைந்திருந்தது. அம்மரங்களின் அடிப்பகுதியே கடைகளுக்குத் தூண்களாயின. ஆதலின் அங்கே விற்பவனுக்கும், வாங்குபவனுக்கும், வழிப்போக்கனுக்கும் நிழல் பொதுவாயிற்று.

அங்காடியும் தங்குமிடமும் அருகருகே அமையும் வழக்கம் சென்னையிலும் தொடர்ந்தது. தென்னாட்டின் முதல் இரயில் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்தினின்று புறப்பட்டது. பின்னர் மத்திய நிலையம் எழுந்தது. அதன் அருகே 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. நிலையத்தின் எதிரே சவலை இராமசாமி முதலியார் என்னும் வள்ளல் பயணிகள் தங்கச் சத்திரம் கட்டினார். இராயபுரத்து மகப்பேறு மருத்துவமனையும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. வெளியூரிலிருந்து வந்தவன் சத்திரத்தில் மூட்டையை வைத்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் பொருள் வாங்கித் திரும்பலாம். அவ்வங்காடி 1985-இல் தீக்கு இரையாயிற்று.

இனி, மேலைநாட்டை நோக்குவோம். அமெரிக்காவில் ‘வீட்டுவண்டி’ ஒன்று வழக்கில் உள்ளது. அடுப்பும், படுக்கையும், நீர்த்தொட்டியும், கழிவறையும் அதனுள்ளே உண்டு. குடும்பத்தோடு அதில் ஏறி நாடு சுற்றுவோர், வழியில் ‘மால்’ எனப்படும் பேரங்காடிகளையும் கண்டு செல்வர். வெயிலும் பனியும் புகாவண்ணம் முற்றும் மூடிய இவ்வகைப் பேரங்காடி, 1956-இல் மின்னசோட்டா மாநிலத்து எடைனா நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. அதை அமைத்தவர் விக்டர் குருவென் என்னும் கட்டடக் கலைஞர். அதே மாநிலத்தில் 1992-இல் ‘மால் ஆஃப் அமெரிக்கா’ என்னும் மாபெரும் அங்காடி எழுந்தது. அதில் 500-க்கு மேற்பட்ட கடைகள் உள்ளன. பகலெல்லாம் அதனுள் உலாவிய பயணி, மாலையில் தன் வண்டிக்கு மீண்டு, தன் படுக்கையிலேயே உறங்குவான். ஆயினும் குருவென் மனம் நிறைவு பெறவில்லை. மக்கள் கூடிப் பழகும் ஊர்நடுவிடம் ஒன்றையே அவர் விரும்பினார். பின்வந்தோர் கடைகளை மட்டும் கொண்டு மற்றவற்றைக் கைவிட்டனர் என்று பிற்காலத்தில் வருந்தினார்.

அதே 1956-இல் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. மால்கம் மக்லீன் என்பவர் 58 பெரும்பெட்டிகளில் சரக்கை அடைத்து, நியூவர்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றும் வேலை அதனால் ஒழிந்தது. கப்பலினின்று இறங்கிய பெட்டி அப்படியே லாரியின் மேல் ஏறிற்று. இதுவே கொள்கலப் போக்குவரத்து. சென்னைத் துறைமுகத்தில் கொள்கல முனையம் 1983-இல் தொடங்கிற்று. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயற்படத் தொடங்கிற்று. சென்னையில் 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013-இல் பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டியும் திறக்கப்பட்டன. இத்தகைய அங்காடிகளில் அடுக்கப்படும் அயல்நாட்டுப் பொருள்களுட் பல, கடல் கடந்து வந்து, லாரியின் முதுகில் ஏறிச் செல்பவையே.

அந்த லாரியை ஓட்டுபவனே நம் நாட்டின் வீட்டுவண்டிக்காரன். லாரிகள் செய்யும் அசோக் லேலண்டு ஆலை எண்ணூரிலேயே உள்ளது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றிய அந்நிறுவனம், 1955-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னுள்ள பலகையே கட்டில், பக்கத்துப் பெட்டியில் சிறிய அடுப்பும் அரிசியும் பருப்பும், கயிற்றில் உலரும் துண்டு, குடிநீர்க் குடம். உமணர் வண்டியில் இருந்தவற்றுள் குறைவது கோழிக்கூடும் குடும்பமுமே. மனைவி மக்களை ஊரில் விட்டுத் திங்கள் பல பிரிந்திருப்பது இவன் வாழ்க்கை.

ஏற்றுமதிச் சரக்குடன் துறைமுகம் புகுவதற்குத் திருவொற்றியூர்ச் சாலையில் கொள்கல லாரிகள் நெடுவரிசையாகக் காத்து நிற்பதை வடசென்னை மக்கள் பல்லாண்டுகள் கண்டுள்ளனர். காத்திருப்பு சிலபோது மணிக்கணக்கு, சிலபோது நாட்கணக்கு. ஒருபுறம் உப்புக்காற்று; மறுபுறம் புழுதி. குளிக்க நீரும், ஒதுங்கக் கழிவறையும், அச்சமின்றிக் கண்மூட ஓரிடமும் அருமையாகும். வண்டியை விட்டு அகலவும் இயலாது. சரக்குக்கு அவனே காவல். உறக்கம் கெட்ட கண்ணோடு சக்கரத்தைப் பற்றுபவன், தன் உயிரையும் எதிர்வருவோர் உயிரையும் ஒருங்கே இடருக்கு ஆளாக்குகிறான். ஆதலின் அவன் ஓய்வு அவனுக்கு மட்டும் உரிய நலமன்று. சாலையிற் செல்லும் யாவர்க்கும் உரிய நலமாகும்.

பேரங்காடியின் முன்வாயிலில் கார்கள் நிற்க அடுக்கடுக்காய் இடம் உண்டு. சரக்கு வண்டிக்கோ பின்வாயில். பொருளை இறக்கியபின் வண்டி விரைந்து அகல வேண்டும். பளிங்குத் தரையில் உலாவி மகிழ்வோர், அப்பின்வாயிலை நினைப்பது அரிது.

இந்நிலை சிறிது சிறிதாக மாறிவருகின்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டுச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டுமென இந்திய அரசு விதித்துள்ளது. இது நற்றொடக்கம். எனினும் ஓடும்போது குளிர்ச்சி தந்தால் மட்டும் போதுமா? நிற்கும்போது நிழலும், நீரும், தூய கழிவறையும் வேண்டாவா? துறைமுகத்தார், அங்காடி உடையார், நகராட்சியினர் ஆகிய மூவரும் கூடினால், மூர் மார்க்கெட்டின் எதிரே ஒரு வள்ளல் செய்ததை இன்றும் செய்தல் அரிதன்று.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அவ்வுப்பைத் தாங்கி வந்தவனுக்கு நாளங்காடியின் மரநிழல் விலையின்றிக் கிடைத்தது. இன்றைய பேரங்காடி அந்நாளங்காடியினும் உயர்ந்தது, அகன்றது, ஒளிமிக்கது. அதன் பொருளைச் சுமந்து வருபவனுக்கு அந்நிழலையும் அது அளிக்குமாயின், பேரங்காடி என்னும் பெயர் அதற்கு முற்றும் பொருந்தும்.