எடையும் ஓசையும்: ஹை-ஹாட் தட்டு வாங்குமுன்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிறு இசை வகுப்பு முடிந்து பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மகனை அழைத்து வரும் ஒரு தாயார் என்னிடம் வந்து, "மாஸ்டர், பையன் டிரம்ஸுக்கு அந்த ஜோடித் தட்டு ரெண்டு இடத்துல பார்த்து வச்சிருக்கோம். ஒரு ஜோடி நல்ல கனம். இன்னொண்ணு லேசா இருக்கு. கனமானதைத்தானே வாங்கணும்? சீட்டு எடுத்த காசு, வீணாப் போயிடக் கூடாது" என்றார்.

"அடுத்த ஞாயிறு வரை எதையும் வாங்காதீங்கம்மா" என்று மட்டும் அப்போது சொல்லி அனுப்பினேன். ஏனென்றால் இதே கேள்விக்கு நானே ஒருகாலத்தில் தவறான விடை கண்டுபிடித்துக் காசைத் தொலைத்தவன்.

நம் வீடுகளில் பாத்திரம் வாங்குவது எப்படி? அண்டாவோ குத்துவிளக்கோ, தராசில் வைத்து எடை பார்த்துத்தான் வாங்குகிறோம். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று. ஏலப்பாறை எஸ்டேட் லயத்தில் வளர்ந்த எனக்கும் அதுவே வேதவாக்கு. 1988இல் எங்கள் இன்னிசைக் குழுவுக்கு ஹை-ஹாட் வாங்க மலையிறங்கிப் போனபோது, கடையில் இருந்தவற்றிலேயே கனமான இரண்டு தட்டுகளை நானே பொறுக்கி எடுத்தேன். கடைக்காரர் வேறொன்றைக் காட்டினார், நான் கேட்கவில்லை. தகரக்கூரை போட்ட மண்டபத்தில் முதல் கச்சேரி. காலால் பெடலை அழுத்தினால் 'சிக்' என்று வரவேண்டிய இடத்தில் 'டங்' என்று கோயில் மணி போல வந்தது. குச்சியால் மெதுவாகத் தட்டினால் தட்டு வாய் திறக்கவில்லை. ஓங்கித் தட்டினால் பாடுபவரின் குரல் மூழ்கிப் போயிற்று. மூன்றாவது பாட்டில் அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஹை-ஹாட் என்பது ஒரு கம்பியில் ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டிய இரண்டு தாளத் தட்டுகள். இடக்கால் பெடலை அழுத்தினால் மேல்தட்டு இறங்கிக் கீழ்த்தட்டோடு சேரும். 1920களில் அமெரிக்காவில் இது தரையோடு தரையாக, கணுக்கால் உயரத்தில் காலால் மட்டும் வாசிக்கும் கருவியாக இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கம்பியை நீட்டிக் கையெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உயரமாக்கியதால்தான் பெயரில் அந்த 'ஹை'. 1930களில் கவுண்ட் பேசி குழுவின் ஜோ ஜோன்ஸ் தாளத்தின் நடையையே இதன்மேல் ஓட்டிக் காட்டினார். குமுளியிலிருந்து இறங்கினால் வரும் கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டுகளை வாசிக்க விரும்பாத பிள்ளை நம் வகுப்பில் இல்லை. அவற்றில் டிரம்ஸ் வரும் பாட்டு ஒன்றைப் போட்டு, பாடகரை மறந்துவிட்டு, 'சிக் சிக்' என்று ஓடும் மெல்லிய ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.

என் தவறு எனக்கு விளங்கியது மேடையில் அல்ல, நெம்மாறை - வல்லங்கி வேலாவில். அறுவடை முடிந்த வயலில் கூட்டம் அலைமோத, பஞ்சவாத்தியம் நடந்துகொண்டிருந்தது. திமிலை, மத்தளம், இடைக்கா, கொம்பு, இலத்தாளம் என்று ஐந்து. (இன்று நாம் கேட்கும் பஞ்சவாத்திய அமைப்பை 1930களில் வகுத்தவர்களில் மத்தள வித்துவான் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி ஒருவர். வெங்கடேசுவர ஐயர் என்ற நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான் அவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.) வாசிப்பு முடிந்து நிழலில் உட்கார்ந்திருந்த முதிய இலத்தாளக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய தாளத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு சாணுக்கும் குறைந்த அகலம். ஆனால் வாங்கிய கை அப்படியே கீழே இறங்கிற்று. அவ்வளவு தடிமன். என் தட்டு எவ்வளவு பெரிது என்று அவர் கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "இத்தனை அகலத்துக்கு இந்தக் கனத்திலா?" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் பாடமே இருந்தது.

ஒரு தட்டின் சுருதியை இரண்டு அளவுகள் முக்கியமாகத் தீர்மானிக்கின்றன: தடிமனும் விட்டமும். ஒரே உலோகத்தில் செய்த தட்டையான தகடுகளில், தடிமன் இரட்டித்தால் சுருதி இரண்டு மடங்கு உயரும். விட்டம் இரட்டித்தால் சுருதி நாலில் ஒரு பங்காகத் தாழும். ஹை-ஹாட்டுக்கு நடுவில் குமிழும் மேலே வளைவும் உண்டு என்பதால் கணக்கு அச்சாக அப்படியே வராது. ஆனால் போகும் திசை அதுதான். இலத்தாளம் சிறியது, மிகத் தடித்தது. ஆகவே செண்டைகளையும் கொம்புகளையும் தாண்டி வயலின் மறுகோடிக்குக் கேட்கும் கூர்மையான, தெளிந்த ஓசை. ஹை-ஹாட் அகலமானது, மெல்லியது. தொட்டவுடன் எத்தனையோ சுருதிகள் ஒன்றாகக் கலந்து, மணலைச் சலிப்பது போல 'ஸ்ஸ்' என்று வரவேண்டும். நான் செய்தது, இலத்தாளத்தின் கனத்தை ஹை-ஹாட்டின் அகலத்தில் தேடியது.

இப்போது எண்களுக்கு வருவோம். வழக்கமான அளவு 14 அங்குலம். வெண்கலத்தின் அடர்த்தியை கன சென்டிமீட்டருக்கு 8.7 கிராம் என்று வைத்துக்கொண்டால், இந்த அகலத்தில் 1,000 கிராம் எடையுள்ள தட்டின் சராசரித் தடிமன் சுமார் 1.15 மில்லிமீட்டர். 1,300 கிராம் தட்டுக்கு 1.5 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் தராசுக்கும் தெரியும். மேல்தட்டு 900 கிராமுக்குக் கீழே என்றால் மெல்லியது: மெதுவாகத் தொட்டாலே பேசும், ஓசை சற்றுத் தாழ்ந்து இருண்டிருக்கும், சீக்கிரம் அடங்கும். ஆயிரத்தை ஒட்டி வந்தால் நடுத்தரம். அதற்கு மேலே போகப்போகச் சுருதி ஏறும், குச்சியின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகத் தெறிக்கும், சத்தம் கூடும். ஆனால் அதைப் பேசவைக்கக் கை வலுவாக விழவேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு அது கொடுமை. 13 அங்குலம் கூர்மையாகவும் துடிப்பாகவும், 15 அங்குலம் தாழ்ந்தும் விரிந்தும் ஒலிக்கும். வீட்டுப் பிள்ளைக்கு 14 போதும்.

அப்படியானால் கனமே கூடாதா? கூடும், கீழ்த்தட்டில். மேலே மெல்லியது, கீழே கனமானது என்பதுதான் பெரும்பாலான ஜோடிகளின் இலக்கணம். 1623ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் ஸில்ஜன் நிறுவனத்தின் 'நியூ பீட்' ஜோடியே நடுத்தர மேல்தட்டும் கனமான கீழ்த்தட்டும்தான். குச்சி விழுவது மேலே. அது உடனே பேசவேண்டும். கீழ்த்தட்டு அசையாத அடிமனை போல நின்றால்தான் காலால் மூடும்போது 'சிக்' என்று வெட்டினாற்போல் வரும். பரதநாட்டியம் கற்கும் மகள் உள்ள வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அந்த ஓசை வராது என்று நம் நட்டுவனார்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மூடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு தட்டும் விளிம்போடு விளிம்பு அச்சாகப் பொருந்திவிட்டால் உள்ளே காற்று அகப்பட்டுக்கொள்ளும். ஓசை 'பொத்' என்று செத்துப்போகும். சில ஜோடிகளில் கீழ்த்தட்டில் துளை போட்டிருப்பதும், சிலவற்றில் விளிம்பை அலை அலையாக வளைத்திருப்பதும் இதற்காகத்தான். சாதாரணத் தட்டானால், ஸ்டாண்டில் கீழ்த்தட்டு உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதை அரைச் சுற்றுத் திருகித் தட்டை ஒருபக்கம் சற்றே சாயவைத்தால் போதும். இந்தத் திருகு எதற்கென்று தெரியாமலே பத்து வருடம் வாசித்தவர்களை நான் அறிவேன்.

எடை சரியாக இருந்தும் உலோகம் தவறாக இருந்தால் பயனில்லை. விலை குறைந்த டிரம்ஸ் செட்டோடு வருபவை பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். ஓசை மங்கல். நல்ல தட்டு வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். நூற்றுக்கு 8 பங்கு வெள்ளீயம் ஒரு வகை, 20 பங்கு இன்னொரு வகை. 20 பங்கு கலந்தால் ஓசை செழிப்பாகும். ஆனால் மெதுவாக ஆறவிட்டால் கண்ணாடி போல நொறுங்கும். செந்தணலாகக் காய்ச்சி, சட்டென்று நீரில் தோய்த்தால் நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். இது துருக்கியில் மட்டும் தெரிந்த ரகசியமன்று. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் பழைய ஈமக்குழிகளில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இதே முறையில், சூட்டில் அடித்து நீரில் தோய்த்துச் செய்தவை என்று ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் கூத்தரின் இசைக்கருவிகளை அடுக்கும்போது 'பாண்டில்' என்னும் தாளத்தையும் சொல்கிறது. அதுவும் நுட்பமாக உருக்கித் தகடாக்கியது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது அந்நியப் பொருள் என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

பழைய தட்டு வாங்குவோருக்கு: நடுத் துளையில் ஒரு கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு விளிம்பில் தட்டுங்கள். ஓசை சீராகத் தேய்ந்து அடங்க வேண்டும். இடையில் 'ஜிர்' என்றால் எங்கோ கீறல். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் அகப்படும். நடுத் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துளை போல நீண்டிருந்தால் கம்பி அரித்திருக்கிறது. நைலான் உறை போட்டால் மேலும் அரிக்காது.

பராமரிப்பில் ஒன்று மட்டும். மூணாறு, தேவிகுளம் பக்கத்து மூடுபனியில் வெண்கலம் சீக்கிரம் களிம்பேறும். என் அம்மா ஒரு பொங்கலுக்கு வீட்டுப் பாத்திரங்களோடு என் தட்டையும் சேர்த்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார். தட்டின்மேல் வட்டவட்டமாக ஓடும் நுண்ணிய கடைசல் வரிகள் பாதி போயின. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உலர்ந்த துணியால் கைவியர்வையைத் துடைத்து, பையில் போட்டு வைத்தாலே போதும்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயாரும் மகனும் இரண்டு ஜோடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எதிரே மளிகைக் கடையில் ஒவ்வொரு தட்டாக எடை போட்டோம். கனமான ஜோடி மேல் 1,340, கீழ் 1,360. லேசானது மேல் 940, கீழ் 1,270. பையனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, எது எது என்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். மூன்று முறையும் அவன் லேசான ஜோடிக்கே கை தூக்கினான். அதற்குத்தான் விலையும் குறைவு. மிச்சக் காசில் ஒரு நல்ல கிளட்ச் வாங்கச் சொன்னேன். தாயார் மட்டும் கனமான தட்டை இன்னொரு முறை கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் ஹை-ஹாட் வைத்திருக்கும் பிள்ளைகள் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் தனித்தனியாக எடை போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தட்டுகளையும்தான். மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றி மாட்டி ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.