உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஒன்பது வருடம் செக்கிங் வேலை பார்த்தேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றபடி பீஸ் பீஸாகப் பார்த்துத் தள்ள வேண்டும். சேர்ந்த முதல் நாள், கைக்கு வந்த முதல் பனியனின் முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை அக்கா அதை என்னிடமிருந்து வாங்கி, ஒரே உதறில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கொடுத்தார். "வெளிப்பக்கத்தை வாங்கறவங்க பாத்துக்குவாங்க அம்மிணி. நீ பாக்க வேண்டியது இது" என்றார்.

அந்த வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் துணிக்கடையில் ஒரு சட்டையை எடுத்தால் என் கை தானாக அதைத் திருப்பிவிடுகிறது. சில கடைக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை. பரவாயில்லை. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் துணிச் செலவு கட்டுக்குள் இருக்கிறதென்றால் அதற்கு இந்தப் பழக்கம்தான் முதல் காரணம். ஐம்பது ரூபாய் பேரம் பேசிக் குறைத்து வாங்கிய சுடிதார் நாலு துவைப்பில் இடுப்புப் பக்கம் விட்டுப்போனால், குறைத்ததும் போச்சு, கொடுத்ததும் போச்சு.

தையலில் நான் பார்ப்பது இவ்வளவுதான். கட்டைவிரலின் மேல் கணு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். அதைப் பக்கத் தையலின்மேல் வைத்து, எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுவேன். பத்து, பன்னிரண்டு இருந்தால் நல்லது. ஏழு, எட்டு என்றால் அவசரமாக ஓட்டிய பீஸ். தையலை நீளமாக விட்டால் மெஷினில் துணி சீக்கிரம் ஓடும், நூலும் மிச்சமாகும். அந்த மிச்சம் தைத்து விற்றவருக்கு, பிரிந்துபோவது நமக்கு. பிறகு தையலின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுப்பேன். தையல் பல்லிளித்தால் மறுபேச்சில்லை, மடித்து வைத்துவிடுவேன். சட்டை, சுடிதார் போன்றவற்றில் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அரை அங்குலமாவது இருந்தால் நாளைக்கு உடம்பு கொஞ்சம் பெருத்தாலும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஓவர்லாக் விளிம்பை ஒட்டியே தைத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பனியன் துணியில் இன்னொரு சோதனை உண்டு. டீ-ஷர்ட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். வயிற்றுப் பக்கம் வளைந்து வந்தால் துணியிலேயே முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். துவைக்கத் துவைக்க அது கூடுமே தவிரக் குறையாது. கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள். ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கு வர வேண்டும். துணியின் கனத்தை நாங்கள் ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வோம். ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை இருந்தால் அது 180 ஜிஎஸ்எம். தராசு இல்லாமல் பார்க்க, ஒரு மடிப்பை மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும். பின்னாலுள்ள விரல்கள் எண்ணும் அளவுக்குத் தெரிந்தால், வெளியே போட அந்தத் துணி ஆகாது.

இவ்வளவும் தெரிந்த நானே ஓர் ஆடி மாதம் ஏமாந்தேன். ஒரு பெரிய கடை, ஞாயிற்றுக்கிழமை, நிற்க இடமில்லாத கூட்டம். நாலாயிரத்துக்கு மேல் எடுத்தால் இன்னும் பத்து சதவீதம் குறையும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். என் பில் மூவாயிரத்து நூற்றில் நின்றது. மீதியை நிரப்புவதற்காகவே தேவையில்லாத ஒரு மெரூன் குர்த்தியையும் இன்னொரு சட்டையையும் எடுத்தேன். கூட்டத்தில் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் குர்த்தி ஊறிய வாளியில் தெரியாமல் என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியும் மகளின் யூனிஃபார்ம் சட்டையும் சேர்ந்துவிட்டன. எடுத்தபோது எல்லாம் ரோஸ் நிறம். வேட்டியைத் திரும்பக் கட்ட முடியவில்லை. யூனிஃபார்ம் சட்டைக்குப் புதிதாகத் துணி எடுத்துத் தைக்க வேண்டியதாயிற்று. கடைக்குப் போய்க் கேட்டதற்கு, தள்ளுபடியில் எடுத்ததை மாற்றித் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து கைப்பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருக்கிறேன். அடர்ந்த நிறத் துணி எதுவானாலும், கைக்குட்டையின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, தையலின் உள்பக்க ஓரத்தில் பத்துத் தரம் தேய்ப்பேன். சாயம் ஒட்டினால் அந்தத் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மெரூன், கருநீலம், கறுப்பு மூன்றிலும் இதைச் செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள். பில்லை நிரப்ப ஒரு துணி எடுக்கிறோம் என்று மனசுக்குத் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பத்து சதவீதத்தைப் பிடிக்க நான் கூடுதலாக எடுத்தது தொள்ளாயிரம் ரூபாய்த் துணி.

பில் போடும்போதும் கொஞ்சம் கண் வேண்டும். எம்ஆர்பி என்று அச்சடித்த விலையில் வரியெல்லாம் அடக்கம். அதற்குமேல் ஜிஎஸ்டி என்று தனியாக ஏற்றினால் தயங்காமல் கேளுங்கள். தைத்த உடைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2500 ரூபாய் வரை 5 சதவீதமும் அதைத் தாண்டினால் 18 சதவீதமும் வரி. கல்யாணத்துக்கு எடுக்கும்போது 2500-ஐ ஒட்டி நிற்கும் உடைகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி காதர்பேட்டை. திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போகத்தான் ஆசைப்படுவார்கள். ஏற்றுமதிக்குப் போன மாதிரியான துணி, ஊரில் விற்கும் விலையில் பாதிக்குக் கிடைக்கும் என்பது உண்மை. கடைக்குக் கடை தொங்குகிற எல்லாமே ஏற்றுமதி உபரி என்பதுதான் உண்மையில்லை. உபரி எப்படி வருகிறது என்று தெரிந்தால் அடையாளம் கண்டுபிடிக்கலாம். எங்கள் கம்பெனியில் பத்தாயிரம் பீஸ் ஆர்டர் வந்தால், டேமேஜ் போகுமே என்று நூற்றுக்கு மூன்று, ஐந்து பீஸ் கூடுதலாகவே வெட்டுவார்கள். ஆர்டர் கிளம்பியதும் மிஞ்சியவை வெளியே போகும். அதனால் உண்மையான உபரியில் சைஸ் ஒழுங்காக இருக்காது. எல் இருந்தால் எம் இருக்காது, பச்சை இருந்தால் நீலம் இருக்காது. கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள், அல்லது மார்க்கரால் கோடு போட்டிருப்பார்கள். ஒரே டிசைனில் ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரை ஆறு கலரும் அடுக்கியிருந்தால் அது உள்ளூருக்கென்றே தைத்தது. அதிலும் நல்ல சரக்கு உண்டு. ஆனால் ஏற்றுமதி விலை கொடுக்க வேண்டியதில்லை.

போன வருடம் என் நாத்தனார் மகனுக்கு அங்கே டீ-ஷர்ட் எடுத்தோம். "எக்ஸ்போர்ட் பீஸுங்க அக்கா, ஒரு குறையும் சொல்ல முடியாது" என்று கடைக்காரத் தம்பி ஐந்து பீஸைப் போட்டார். "இருங்க தம்பி, வெளிச்சத்துல பாத்துடறேன்" என்று வாசலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒன்றில் அடிமடிப்பு ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒன்றில் முன்பக்கத்துக்கும் கைக்கும் ஷேட் கொஞ்சம் மாறியிருந்தது. ஒன்றில் தோள் தையலை ஒட்டி ஊசி குத்திய ஓட்டை, குண்டூசித் தலையளவுகூட இல்லை. நாத்தனார் கறைபட்டதை ஒதுக்கி, ஓட்டையுள்ளதைக் கையில் வைத்துக்கொண்டார். நான் மாற்றிவிட்டேன். எண்ணெய்க் கறை சோப்பில் போகும். ஷேட் மாறியதை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். பனியன் துணியில் ஊசி ஓட்டை மட்டும் ஆகாது. அது கண்ணி அறுந்த இடம். இரண்டு துவைப்பில் விரல் நுழையும். கறையைக் காட்டியதும் தம்பியே அந்தப் பீஸுக்கு முப்பது ரூபாய் குறைத்தார். இப்படிக் குறையுள்ள பீஸ், அதாவது செகண்ட்ஸ், வாங்குகிற எல்லாரும் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தீபாவளிக்கு நாங்கள் ஆவணியிலேயே, வேலை நாளில், காலையில் போய்விடுவோம். போவதற்கு முன் பீரோவைத் திறந்து ஆளுக்கு என்ன இல்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்படித் திறந்தபோதுதான், என்னிடம் போடாத நீல பிளவுஸ் மட்டும் நாலு இருப்பது தெரிந்தது.

மகளுக்கு எட்டாம் வகுப்பு வரை யூனிஃபார்ம் கவலை இருந்ததில்லை. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அதுவரை வருடத்துக்கு 4 செட் கொடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் நாமே எடுக்க வேண்டும், பெண்பிள்ளைகள் விறுவிறுவென்று வளர்கிற வயதும் அதுதான். துணியை எடுத்து வந்து ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்துத்தான் தைக்கக் கொடுத்தேன். சுருங்குகிற அளவு தைப்பதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும். டைலர் அக்காவிடம், பக்கத்தில் ஓர் அங்குலம், கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னேன். "எதுக்கு இவ்வளவு, கனமா நிக்கும்" என்றார். ஓரம் அடித்து, கையால் தளர்வாக மடித்துத் தைத்ததில் கனம் தெரியவில்லை. அரைப் பரீட்சைக்கு ஒரு தரம், பத்தாம் வகுப்பு தொடங்கும்போது ஒரு தரம் பிரித்துவிட்டோம். பழைய மடிப்பு இருந்த இடம் கோடாகத் தெரிந்தது. ஈரத்துணி விரித்து அயர்ன் பண்ணியதில் முக்கால்வாசி மறைந்துவிட்டது. இரண்டு செட், இரண்டு வருடம், பிரித்துத் தைக்க மொத்தம் 160 ரூபாய்.

எல்லாவற்றிலும் விலை குறைந்ததைத் தேட மாட்டேன். உள்ளாடையில் எலாஸ்டிக் நன்றாக இருப்பதைத்தான் எடுப்பேன், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும். அம்மாவுக்குக் கைத்தறிச் சேலைதான். தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் எடுப்போம். விலையைப் பார்த்தால் பாலியஸ்டர் சேலை இரண்டு வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் அம்மா ஆறு வருடம் உடுத்திய பருத்திச் சேலை, அதன் பிறகு தங்கை பிள்ளைக்குத் தூளியாகி, அதன் பிறகு தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியாக இருக்கிறது. பாலியஸ்டரைக் கட்டிப் பழசானால் தண்ணீரைக்கூடத் துடைக்காது.

துவைப்பதிலும் திருப்பும் வேலைதான். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து, அப்படியே நிழலில் காயப்போட்டால் வெளிப்பக்கத்து நிறம் நீண்ட நாள் நிற்கும்.

இந்த வாரம் வீட்டுக்காரரின் இரண்டு சட்டைகளைத் தெருமுனை டைலர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, காலர் மட்டும் மடிப்பில் நைந்து வெளுத்துவிட்டது. காலரைப் பிரித்து, உள்பக்கத்தை மேலே திருப்பித் தைத்துத் தருவார், சட்டைக்கு அறுபது ரூபாய். இப்போதெல்லாம் இதைக் கேட்டு யாரும் வருவதில்லை என்றார். அங்கேயே முதல் சட்டையின் காலரைப் பிரித்துக் காட்டினார். நாலு வருடம் வெயில் படாமல் உள்ளே இருந்த பக்கம் கடையில் எடுத்த அன்றைய நீலத்திலேயே இருந்தது.