ஃபேனை நிறுத்திவிட்டுப் பெருக்கு

காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் சாயங்காலமே விரலால் பேர் எழுதலாம் போலிருக்கிறது, குழந்தைக்கு வேறு வீசிங் என்று புலம்பினாயே கண்ணு, இப்போது துடைப்பதற்கு மேல் நீ ஒரு தடவைகூடத் துடைக்க வேண்டாம். மெயின் ரோட்டைப் பார்த்த வீட்டில் தூசி வரத்தான் செய்யும். எந்த நேரத்தில், எந்த வரிசையில் துடைக்கிறாய் என்பதை மட்டும் மாற்று.

முதலில் ஃபேன். பெருக்கும்போது வியர்க்கிறதென்று ஓட விடுகிறாய், இல்லையா? அதை விடு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதைவிடக் கொஞ்சம் பெரிய, 100 மைக்ரான் தூசி, 10 அடி உயரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு விநாடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் தூசிக்கு அதே தூரம் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். இதெல்லாம் காற்று அசையாமல் இருக்கும்போது. ஃபேன் ஓடினால், இறங்கி வருகிற தூசியைச் சுழல் மறுபடி மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். அசையாத அறையில் 10 மைக்ரான் தூசி முழுவதும் இறங்கி முடிகிற நேரத்தில், ஃபேன் சுற்றும் அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கும். பெருக்கி முடித்ததும் ஃபேனை ஃபுல்லில் வைத்துவிட்டு உட்காருகிறோமே, அப்போது நாம் மூச்சில் இழுப்பது அதைத்தான்.

அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுப் பெருக்கு. துடைப்பத்தை வீசாமல், தரையோடு ஒட்டி இழு. குழந்தையை வேறு அறையில் விடு. இருபது நிமிடம் அந்த அறைப் பக்கமே போகாதே. சாம்பார் கொதிக்க அந்த நேரம் சரியாக இருக்கும். அப்புறம் ஈரத்துணியால் மேஜை, ஸ்டாண்ட் எல்லாம் துடைத்துவிட்டு, கடைசியாகத் தரைக்கு மாப் போடு. முதலில் மாப், பிறகு தூசி தட்டுவது என்று செய்தால் இரண்டும் வீண்.

எதைத் துடைக்க வேண்டும் என்பதிலும் கணக்கு உண்டு. பெரிய தூசி மேலிருந்து கீழே விழுவதால் பீரோ மேல், ஃப்ரிட்ஜ் மேல், கதவின் மேல் விளிம்பு, பரண் எல்லாம்தான் நிறைய வாங்கும். சுவரில் ஒட்டுவது பெரும்பாலும் நுண்தூசி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆகவே சுவரை அடிக்கடி துடைத்துக் கையை நோகடித்துக்கொள்ளாதே. பீரோ மேலே பழைய செய்தித்தாளை விரித்துவிடு. மாதம் ஒரு தடவை ஓரங்களை உள்பக்கமாக மடித்துச் சுருட்டி, நேராகக் குப்பையில் போடு.

ஃபேன் றெக்கையைக் கவனித்திருக்கிறாயா? நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஒன்றில் எப்படித் தூசி தங்குகிறது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். எந்தப் பரப்பானாலும் அதை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். றெக்கையோடு அந்தப் படலமும் சேர்ந்தே சுற்றும். அதற்குள் நுழைந்துவிட்ட நுண்தூசியை வெளிக்காற்று தொடவே முடியாது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார், காற்றை வெட்டிக்கொண்டு போகிற முன்விளிம்பில்தான் கருப்பாகத் தடித்திருக்கும். காற்று விளிம்பைச் சுற்றி வளைந்து போய்விடும். கனமான துகளால் அப்படி வளைய முடியாது. பஸ் சட்டென்று திரும்பும்போது நிற்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி, வந்த போக்கிலேயே போய் மோதிவிடும். அடுப்படிப் பக்கத்து ஃபேன் என்றால் தாளிக்கிற எண்ணெய்ப் புகை பசையாக அதைப் பிடித்துக்கொள்ளும்.

சுவிட்சை அணைத்து, றெக்கை நின்ற பிறகு, பழைய தலையணை உறையை அதில் மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்தியபடி வெளியே இழு. தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டில் மேலே கொட்டாது. பிசுக்குக்கு வெந்நீரில் சோப்பு கரைத்து, பிழிந்த துணியால் துடை. ஊதுவதாலும் தட்டுவதாலும் நுண்தூசி போகாது, துணி பட்டால்தான் போகும். இறகு டஸ்டர் வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடு. ஒரு இடத்துத் தூசியை இன்னொரு இடத்துக்கு மாற்றுவதைத் தவிர அது ஒன்றும் செய்வதில்லை.

மெல்லிய பொருளில் மோதுவது இன்னும் அதிகம். அகலமான பொருளை நெருங்கும் காற்று தொலைவிலேயே விலகத் தொடங்கிவிடும், கூடவே தூசியும் ஒதுங்கும். நூல் போன்ற ஒன்றைக் காற்று கிட்டே வந்துதான் விலகும், அதற்குள் தூசி இடித்துவிடும். சிலந்தி இழை ஒட்டடையாகக் கறுப்பதும், ரோட்டுப் பக்கத்து ஜன்னலின் கொசுவலை சீக்கிரம் சாம்பல் நிறமாவதும் இதனால்தான். வலை தூசியைப் பிடிக்கட்டும், நல்லதுதான். காய்ந்த துடைப்பத்தால் மட்டும் அதை அடிக்காதே. ஈரமான ஸ்பாஞ்சை உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக வைத்து, சேர்த்து மேலிருந்து கீழே இழு. ஒட்டடைக் கம்பின் நுனியிலும் ஈரத்துணி சுற்று, மாஸ்க் போட்டுக்கொள்.

பூஜை அறை விளக்குக்கு மேலே சுவர் கறுப்பதற்குக் காரணம் வேறு. சூடான காற்றிலிருக்கும் கரி, குளிர்ந்த பக்கம் பார்த்து நகரும். சூடான பொருளைச் சுற்றித் தூசியில்லாத இடம் உண்டாவதை ஜான் டிண்டல் என்ற விஞ்ஞானி 1870லேயே எழுதியிருக்கிறார். விளக்கைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வை, திரியைச் சின்னதாக வை.

இதுவரை சொன்னது உட்காருகிற தூசிக்கு. புகை அப்படியில்லை, அதுதான் எனக்கு நிஜமான கவலை. 1 மைக்ரானுக்கும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட துகள்கள் கீழே விழுகிற அளவுக்குக் கனமும் இல்லை, அலைந்து அலைந்து சுவரில் ஒட்டுகிற அளவுக்குச் சின்னதும் இல்லை. எதிலும் ஒட்டாமல் நெடுநேரம் மிதந்து, நேராக நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் பெரும்பாலும் இந்த ரகம். சீனா, மலேசியா கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003ல் வந்த ஒரு ஆய்வு, ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவு நுண்துகள் வெளியாகிறது என்று கண்டது. குழந்தை தூங்கும் அறையில் சுருள் கொளுத்தவே கொளுத்தாதே, கொசுவலை கட்டு. சாம்பிராணி போட்டே ஆக வேண்டுமென்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போடு. தாளிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடு. புகை விஷயத்தில் காத்திருப்பதால் பயனில்லை, வெளியே தள்ளத்தான் வேண்டும்.

படுக்கை மட்டும் பாக்கி. வீசிங்கைக் கிளப்புவது படுக்கைத் தூசியில் இருக்கிற நுண்ணிய உண்ணியின் கழிவு. அது கொஞ்சம் பெரிய துகள், உதறினால் எழும்பி, அரை மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே குழந்தை படுக்க வரும்போது விரிப்பை உதறாதே. ஒரு மணி நேரம் முன்னாலேயே படுக்கையைப் போட்டு வை. வாரம் ஒரு தடவை விரிப்பையும் தலையணை உறையையும் நல்ல வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடு. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, வீடு சுத்தமாகிவிட்டது என்று நீயாக நிறுத்திவிடாதே.