நல்ல தொண்டரை எப்படித் தெரிவு செய்வது?



2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலையகம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின.

அடுத்த அடைமழைக்கு முன் உடப்புசல்லாவைக் கடைவீதியில் நாம் ஒரு தொண்டர் குழு அமைப்பதானால் யாரைச் சேர்ப்பது? ஓடியாடி வேலை செய்பவர் என்பது மட்டும் போதாது. நல்ல வியாபாரியிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்களே நல்ல தொண்டருக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

1. கேட்டுக் கொடுப்பவர்: வாடிக்கையாளர் கேட்காத சாமானை நாம் கட்டிக் கொடுப்பதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் குவிந்த பழைய துணிகள் யாருக்கும் உதவாமல் தெருவோரம் கிடந்தன. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கேட்காமல் கொடுத்தார்கள். எந்த லயனில் பால்மா தேவை, எங்கே மருந்து தேவை என்று முதலில் விசாரிப்பவரே தொண்டர்.

2. சொன்ன சொல் தவறாதவர்: அனர்த்த காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். நால்வர் கொண்ட 40 குடும்பங்களுக்கு 2,400 லீற்றர். "நான் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராதவரை நம்பி, மற்றவர்கள் வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார்கள். முடியாது என்று நேரத்தோடு சொல்பவர் அவரைவிட மேல்.

3. கணக்கில் சுத்தமானவர்: நிவாரணப் பணம் அமானிதம். வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் அன்றன்றே கொப்பியில் எழுதி, இருவர் கையெழுத்திட வேண்டும். நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இங்கே ஒரு தனிச் சோதனை உண்டு. அந்தப் பணத்தில் சொந்தக் கடையிலேயே சாமான் வாங்கும் நிலை வரலாம். அப்போது விலையைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் குழுவிலுள்ள மற்றவர்களிடம் விட்டு நாம் விலகி நிற்க வேண்டும்.

4. வாயடக்கம் உள்ளவர்: நிவாரணம் வாங்க வருபவர் நம் கடன் கொப்பியிலும் இருக்கலாம். பொதியை நீட்டும்போது பழைய பாக்கியை நினைவூட்டுவதும், அவரை நிறுத்திப் படம் எடுப்பதும் ஒன்றுதான். இரண்டும் அவரைத் தலைகுனிய வைக்கும். நாளைக்கும் அவர் நம் வாடிக்கையாளர் என்பதை மறக்கக் கூடாது.

5. கட்டுப்படுபவர்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று பொருள். அதை மீறி உள்ளே போகும் வீரர், காப்பாற்றப்பட வேண்டிய இன்னொருவராக ஆகிவிடுவார். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவித்து, அதிகாரிகள் சொற்படி நடப்பதும் ஒரு வகைத் துணிச்சலே.

இந்தக் குணங்கள் ஒருவரிடம் உண்டா என்பதை அனர்த்தத்தின் போது சோதிக்க முடியாது. ஆகவே இப்போதே சிறு பொறுப்பொன்றைக் கொடுத்துப் பாருங்கள். வசூலித்த 1,000 ரூபாவுக்குச் சரியாகக் கணக்குக் காட்டுபவரிடம் பின்னர் ஒரு லொறிச் சாமானையும் நம்பி ஒப்படைக்கலாம்.