இடுகுறி எண்ணும் காரண எண்ணும்

பெயரை இடுகுறி, காரணம் என நன்னூலார் பகுப்பர். நாமக்கல் லாரியின் பதிவெண் காரணப்பெயர் போல்வது, 'டி.என்.' மாநிலத்தையும் '28' நாமக்கல் அலுவலகத்தையும் சுட்டும். அதனையே கணினித் தரவுத்தளத்தில் லாரியின் அடையாளமாக வைத்தல் தகுமோ? லாரி விற்கப்பட்டு வேறு மாநிலத்திற் பதிவாயின் எண் மாறும். பழைய எண்ணைத் தாங்கிய வாடகைக் கணக்கு, டயர்க் கணக்கு யாவும் திருத்தப்படல் வேண்டும். ஆதலின் வெறும் வரிசையெண்ணாகிய இடுகுறியே சாலச் சிறந்தது. பலகை எண் அதன் பக்கத்தே எழுத்துத் தொடராய் நிற்க.

இனி, இடம். 4 பைட்டு முழுஎண் 2,147,483,647 வரை கொள்ளும். லாரிகளுக்கு அதுவே மிகை. ஓட்டுநரின் 10 இலக்கக் கைபேசி எண்ணோ, 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்குதலின், அதனுள் அடங்காது. 12 இலக்க ஆதாரும் அன்னதே. எண்ணாக வைப்பின் அவற்றிற்கு 8 பைட்டு வேண்டும். எங்கும் மீண்டும் வாராதென்னும் துணிவோடு ஆக்கப்படும் 'யு.யு.ஐ.டி.' 16 பைட்டு. அதனை எழுத்தாகவே எழுதிவைப்பார் 36 பைட்டு செலவிடுவர். அடையாளம் ஒருமுறை எழுதி முடிவதன்று. ஒவ்வொரு நடையின் வரியிலும், தேடுதற்குரிய அட்டவணையிலும் திரும்பத் திரும்ப வரும் என்பதை அன்னார் எண்ணிலர் போலும்! சேலம், சங்ககிரி, நாமக்கல் எனப் பல கிளைகள் ஒன்றையொன்று கேளாமலே எண் வழங்க வேண்டுமாயின் அந்நீளம் பொறுக்கத்தக்கது. ஆண்டும் எழுத்தாக அன்று, 16 பைட்டாகவே.