கம்பளத்தில் வார்னிஷ் கறை
(மனையியல் பாடம்)



அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சென்ற கோடை விடுமுறையில் அப்பா கூடத்து நாற்காலிகளுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். என் கை பட்டு டப்பா சாய்ந்தது. நைலான் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்திற்கு வார்னிஷ் கொட்டிவிட்டது. பதற்றத்தில் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். கறை தாம்பாளம் அளவுக்குப் பரவிற்று! அம்மா திட்டவில்லை. "தேய்க்காதே, ஒற்று" என்று மட்டும் சொன்னார். அச்சொற்களில் அடங்கிய அறிவியலை மனையியல் வகுப்பில்தான் உணர்ந்தேன்.

கறையை அறிக

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். எந்தத் திரவத்தில் வார்னிஷ் கலக்கப்பட்டதோ, அதுவே பெரும்பாலும் அதன் ஈரக்கறையை நீக்கும். ஆகவே முதலில் டப்பாவின் மேலுள்ள எழுத்துகளைப் படியுங்கள்.

எண்ணெய் வார்னிஷில் ஆளிவிதை எண்ணெய் போன்றவையும் பிசினும் இருக்கும். இதற்கு டர்ப்பன்டைன் ஏற்றது. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்குப் பூச்சிகள் தரும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. இதற்கு ஸ்பிரிட் போதும். தண்ணீரில் கலந்த புதுவகை வார்னிஷ், ஈரமாக இருக்கும்வரை சோப்பு நீருக்கே விட்டுக்கொடுக்கும்.

எண்ணெய் வார்னிஷ் வெறுமனே உலர்வதில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படுகிறது. பின்னிய பிறகு டர்ப்பன்டைனும் அதைக் கரைக்காது. எனவே முதல் சில நிமிடங்களே பொன்னானவை.

இழையை அறிக

கம்பளத்தின் ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துச் சோப்பு நீரில் நன்றாக நனைத்து அமுக்கி விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும்; அது நீரைவிட இலேசானது. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது நைலானைக் கரைப்பதில்லை. ஆனால் அசிடேட் இழையைக் கரைத்துவிடும். கறையை நீக்கப் போய்க் கம்பளத்தில் ஓட்டை விழும்! குளோரின் கலந்த வெளுப்பான் நைலானை நலிவடையச் செய்யும். ஆகவே எதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

செய்முறை

1. மேலே தேங்கிய வார்னிஷை மழுங்கிய கரண்டியால் வழித்தெடுக்கவும்.

2. வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றவும். சாயத்துணி தன் நிறத்தையும் கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பகுதியைப் பயன்படுத்தவும்.

3. உரிய கரைப்பானைத் துணியில் சில துளிகள் விட்டு, கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றவும். கம்பளத்தின் மேல் நேராக ஊற்றலாகாது. அடியில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை இளகி, கம்பளம் அடித்துணியிலிருந்து பிரிந்துவிடும்.

4. இரண்டு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சலவைத் திரவம் கலந்து ஒற்றவும். பிறகு வெறும் நீரால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் உலர்த்தவும். சோப்பு தங்கினால் அந்த இடம் மீண்டும் அழுக்கை இழுக்கும்.

5. கறை காய்ந்து கெட்டியாகிவிட்டால், இழைகளின் நுனியில் மட்டும் ஒட்டியிருப்பதைக் கூரிய கத்தரியால் மெல்லக் கத்தரிக்கலாம். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

எச்சரிக்கை

டர்ப்பன்டைன் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடுகிறதே! ஆகவே சன்னல்களைத் திறந்து வையுங்கள். அருகில் அடுப்போ, விளக்கோ, ஊதுவத்தியோ வேண்டாம். கையுறை அணியுங்கள், பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

இன்னொன்றைப் பலர் அறியார். எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், ஆக்சிஜனை ஏற்கும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகும். யாரும் தீ மூட்டாமலே துணி எரியத் தொடங்கும். அவற்றை வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.

எங்கள் கம்பளம் என்னவாயிற்று? அம்மா ஒரு மணி நேரம் பொறுமையாக ஒற்றினார். பெரும்பகுதி போயிற்று. நான் தேய்த்து உள்ளே இறக்கிய இடம் மட்டும் பழுப்பாக நின்றது. அதன் மேல் நாற்காலியைப் போட்டோம். வந்தவர்கள் கவனிக்கவில்லை. நான் மட்டும் தினமும் கவனிக்கிறேன். இப்போது அப்பா வார்னிஷ் டப்பாவைத் திறக்குமுன் கம்பளத்தைச் சுருட்டி வைத்து, தரையில் பழைய செய்தித்தாள்களை விரிப்பது என் வேலை. பதறாத காரியம் சிதறாது, தோழியரே!