தொட்டியும் ஊற்றும்: மின்வண்டிகளுக்கு மின்சாரம் சேமித்து வழங்கும் முறை

ஊற்றுக் குறைந்த கிணற்றையுடைய உழவர், அதிலிருந்து நேரே வயலுக்குப் பாய்ச்ச முற்படுவதில்லை. இரவெல்லாம் தொட்டியை நிரப்பிப் பகலில் திறந்துவிடுகிறார். மின் இணைப்பின் அளவு குறைந்த இடத்தில் மின்வண்டிகளுக்கு விரைவாக மின்னேற்றம் செய்வதற்கும் இம்முறையே கையாளப்படுகிறது. இங்குத் தொட்டியாக அமைவது பாட்டரி.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கோவளத்தை எடுத்துக்கொள்வோம். இதன் கடற்கரை 2021ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. இத்தகைய ஊர்களில் விடுமுறை நாட்களில் வண்டிகள் திரளும். மற்ற நாட்களில் வரவு குறையும். சில மணி நேரத் தேவைக்காகப் பெரிய மின்மாற்றி அமைப்பதா, பாட்டரி வாங்குவதா என்பதே கேள்வி.

ஒரு சங்கத்தின் இணைப்பில் 20 கிலோவாட் மிஞ்சுகிறது என்றும், மின்னேற்றும் கருவி 60 கிலோவாட் கோருகிறது என்றும் கொள்வோம். ஒரு கார் அரை மணியில் 30 யூனிட் ஏற்றிக்கொள்ளும். அதில் 10 யூனிட்டை இணைப்பு தரும். எஞ்சிய 20 யூனிட்டைப் பாட்டரி தருதல் வேண்டும். 60 யூனிட் வழங்கவல்ல பாட்டரி இருப்பின், அடுத்தடுத்து மூன்று கார்களுக்குப் போதும். நான்காவது கார் உடனே வருமாயின், இணைப்பை மட்டும் கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். பாட்டரியில் செலுத்தும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் வீணாகக்கூடும்; ஆதலால் அதை மீண்டும் நிரப்ப ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது: தொட்டி ஊற்றைப் பெருக்குவதில்லை. வண்டிகள் இடைவெளிவிட்டு வருமிடத்தில் பாட்டரி பயன்படும். நாள் முழுதும் வரிசை நீளுமிடத்தில் இணைப்பைப் பெருக்குவதே வழி. 2025ஆம் ஆண்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அத்தகைய பணிமனைக்குப் பாட்டரி துணையாகலாம். பெரிய இணைப்புக்கு ஈடாகாது.

நிரப்பும் வேளையும் கருதத்தக்கது. 2023ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வகுத்த விதி, வெயில் நேர மின்கட்டணம் வழக்கமான கட்டணத்தினும் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே நண்பகலில் நிரப்பி, மாலை நெரிசலில் வழங்குவது சிக்கனமாகும். கடலோரத்தில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்குமாதலால், பாட்டரியை நன்கு மூடிய, வெப்பம் தணிந்த அறையில் வைத்தல் வேண்டும்.

ஆகையால், பங்குப் பணத்தைச் செலவிடுமுன், ஒரு மாத காலம் வண்டிகளின் வரவை மணிவாரியாகக் குறித்து வாருங்கள். அக்கணக்கே சங்கத்திற்குத் தேவை தொட்டியா, ஊற்றா என்பதைக் காட்டும்.